10 நாள் சேவை, 30,000 டாலர் வீடு: வெளிநாட்டு 'மிஷன் ட்ரிப்' உண்மையில் யாருக்கு உதவுகிறது?

அமெரிக்காவின் மியாமியில் இருந்து ஹைட்டி தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் போகும் விமானத்தில் சில வருடங்களுக்கு முன்பு ஏறியிருந்தால், ஒரு காட்சியைத் தவறவிட்டிருக்கவே முடியாது. பத்து, பதினைந்து பேர் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டிருப்பார்கள். முன்பக்கம் சர்ச் பெயர், பின்பக்கம் ஒரு பைபிள் வசன எண். கல்லூரிப் பிள்ளைகள், நர்ஸுகள், ஓய்வுபெற்ற தச்சர்கள், கூடவே ஒரு பாஸ்டர். ஒரு வாரம் போய் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மருத்துவ முகாம் நடத்திவிட்டு, குழந்தைகளோடு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்புவார்கள்.

இப்போது அந்த விமானமே இல்லை. 2024 நவம்பரில், தரையிறங்கப் போன ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானத்தின் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. விமானப் பணிப்பெண் ஒருவர் காயமடைந்தார். விமானம் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டது. அதோடு அமெரிக்க விமானங்கள் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் போக அந்நாட்டு விமானத்துறை தடை போட்டுவிட்டது. தலைநகரின் 85 சதவீதத்துக்கும் மேல் ஆயுதக் கும்பல்களின் கையில் இருப்பதாகச் சொல்கிறது ஐ.நா.

ஆனாலும் ஆட்கள் போவது முழுசாக நிற்கவில்லை. இது வீரமா, விசுவாசமா, விவரம் தெரியாத துணிச்சலா? அதைவிட முக்கியமான கேள்வி, இவர்கள் போவதால் அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? இதைப் பற்றி அதிகமாகக் கேள்வி கேட்பவர்கள் மதத்துக்கு வெளியே இருப்பவர்கள் இல்லை. சர்ச்சுக்கு உள்ளேயே இருப்பவர்கள்தான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹைட்டியில் என்ன நடந்தது?

2021 அக்டோபர் 16. போர்ட்-ஓ-பிரின்ஸுக்குக் கிழக்கே ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்விட்டு ஒரு குழு வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓஹியோ மாகாணத்தைச் சேர்ந்த 'கிறிஸ்டியன் எய்ட் மினிஸ்ட்ரீஸ்' என்ற அமைப்பின் குழு அது. மொத்தம் 17 பேர். 16 பேர் அமெரிக்கர்கள், ஒருவர் கனடாக்காரர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். கடைக்குட்டிக்கு எட்டு மாதம்தான். '400 மவோஸோ' என்ற கும்பல் வேனோடு கடத்தியது. கேட்ட தொகை, தலைக்கு 10 லட்சம் டாலர். கைக்குழந்தைக்கும் அதே ரேட்.

சிலர் இடையில் விடுவிக்கப்பட்டார்கள். மிச்சம் இருந்த 12 பேர் டிசம்பர் நடுவில், இரவோடு இரவாகத் தப்பி, இருட்டில் நடந்தே வெளியே வந்தார்கள். சுமார் இரண்டு மாதச் சிறை.

அப்போதே ஹைட்டிக்குப் போகாதீர்கள் என்று அமெரிக்க அரசின் உச்சபட்ச எச்சரிக்கை இருந்தது. அதே ஜூலையில்தான் அந்நாட்டு அதிபர் ஜோவனல் மோயிஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட்டில் தெற்கே பெரிய நிலநடுக்கம், 2,200-க்கும் மேற்பட்டவர்கள் பலி. இவ்வளவு நடந்த நாட்டுக்கு எட்டு மாதக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவதா என்று அமெரிக்காவிலேயே பலர் கேட்டார்கள். "இவ்வளவு நடந்ததால்தான் போனோம்" என்பது மிஷன் ஆட்களின் தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, குழந்தையைக் கூட்டிப் போனதைத் தவிர.

2023 ஜூலையில் அங்கே வேலை பார்த்த ஓர் அமெரிக்க நர்ஸும் அவருடைய குழந்தையும் கடத்தப்பட்டு, இரண்டு வாரத்தில் விடுவிக்கப்பட்டார்கள். 2024 மே மாதம் ஓர் இளம் அமெரிக்க மிஷனரி தம்பதி, போர்ட்-ஓ-பிரின்ஸில் கும்பல் தாக்குதலில் கொல்லப்பட்டது. அவர்களோடு அந்த மிஷனின் ஹைட்டிக்கார இயக்குநரும் கொல்லப்பட்டார். தம்பதியின் படங்கள் உலகம் முழுக்கச் செய்தியாயின. அந்த ஹைட்டிக்காரர் பெரும்பாலான செய்திகளில் மூன்றாவது பத்தியில் ஒரு வரியாக வந்தார். தினமும் செய்தி போடுகிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன், இது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

2025 ஆகஸ்ட்டில் கென்ஸ்காஃப் மலைப்பகுதியில் ஓர் இல்லத்துக்குள் கும்பல் புகுந்தது. பல ஆண்டுகளாக அங்கேயே தங்கி மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரிஷ் பெண்மணியையும், ஒரு சின்னக் குழந்தை உட்பட வேறு சிலரையும் கடத்தியது. மாதக் கடைசியில் விட்டார்கள்.

இந்தக் கடைசிச் சம்பவத்தையும் டி-ஷர்ட் குழுக்களையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. ஏன் என்று கீழே வருகிறது.

மிஷன் ட்ரிப்னா சரியா என்ன?

பழைய காலத்தில் மிஷனரி என்றால் ஆயுசுக்குப் போவது. பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினால் திரும்புவது நிச்சயமில்லை. இப்போது இருப்பது 'ஷார்ட் டேர்ம்'. ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் ஒரு மாதம். கோடை லீவில்தான் அதிகம். விமானப் பயணம் மலிவானதும் 1980-களுக்குப் பிறகு இது பெரிய அலையாகக் கிளம்பியது. 2005-ல் மட்டும் அமெரிக்க சர்ச் உறுப்பினர்களில் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போனதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ கணக்கிட்டார். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு, ஹைட்டி இதெல்லாம் பக்கத்து நாடுகள். கென்யா, உகாண்டா கொஞ்சம் தூரம்.

செலவு யாருடையது? போகிறவர்களுடையதுதான். கையில் இல்லாதவர்கள் சொந்தக்காரர்கள், சர்ச் ஆட்கள், பழைய டீச்சர் என எல்லோருக்கும் ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். கார் கழுவி, கேக் விற்றுக் காசு சேர்ப்பார்கள். பொய் வசூல் இல்லை. மனசார உழைத்துச் சேர்க்கும் பணம். அதனால்தான் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீடு, இரண்டு விலை

1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. வட அமெரிக்காவில் இருந்து சர்ச் குழுக்கள் வீடு கட்டிக் கொடுக்கக் கிளம்பின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், அவரும் கிறிஸ்தவர்தான், கால்வின் கல்லூரிப் பேராசிரியர், ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர், இந்த வீடுகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். 2006-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றைக்கும் இந்த விவாதத்தில் தவறாமல் வருகிறது.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. வெளிநாட்டுக் குழு வந்து ஒரு வீடு கட்டினால், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 30,000 டாலர். அதே மாதிரி வீட்டை உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டினால் 2,000 டாலர். ஒரு வீட்டுக்கு ஆன செலவில் பதினைந்து குடும்பத்துக்குக் கூரை கிடைத்திருக்கும்.

இதற்கு மிஷன் குழுக்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "வீடு மட்டும் கணக்கில்லை. அந்நியர்கள் இவ்வளவு தூரம் வந்து தங்களுக்காகச் செங்கல் தூக்கியதைப் பார்க்கும்போது அந்தக் குடும்பத்துக்கு வரும் நம்பிக்கையே வேறு." நல்ல பதில்தான். ஆனால் வெர் பீக் அதையும் விசாரித்துவிட்டார். வெள்ளைக்காரர் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும், ஊர்க்காரர் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் வாழ்க்கையிலோ நம்பிக்கையிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

அடுத்த வாதம், "போய் வந்த பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கக் கொடுப்பவர்களாக மாறுகிறார்கள்." இதையும் பார்த்தார். போய் வந்தவர்கள் தாங்கள் மாறிவிட்டதாகத்தான் சொன்னார்கள். அமைப்பின் நன்கொடைப் பதிவேட்டைப் புரட்டினால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இவர்கள் பொய் சொல்லவில்லை, ஊருக்கு வந்ததும் பழைய வாழ்க்கை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சபரிமலைக்கு மாலை போட்ட 48 நாளும், அதற்குப் பிறகான 48 நாளும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று. "அந்த 30,000 டாலரை அப்படியே அனுப்பியிருக்கலாமே" என்று சொல்வது சுலபம். கார் கழுவிய பையன், தான் போகாத ஊருக்கு அனுப்பக் காசு கேட்டிருந்தால் அந்தக் காசு வந்திருக்குமா? வந்திருக்காது. பயணம் இருப்பதால்தான் பணம் சேர்கிறது. இந்த முடிச்சை யாரும் இன்னும் சரியாக அவிழ்க்கவில்லை.

கொத்தனார் எங்கே போனார்?

நம்ம ஊரில் கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக வருகிறதா என்று பார்க்கிற கண்ணுக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். கம்பி கட்டுவது ஒரு வேலை, சென்ட்ரிங் ஒரு வேலை, பூச்சு தனி வேலை. தளம் போட்ட பிறகு நாள் கணக்கில் தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு வருகிற குழு, தளம் போட்டு நாலாவது நாள் ஏர்போர்ட்டில் இருக்கும்.

ஹைட்டி மாதிரி நாட்டில் இது அழகுப் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை. 2010 ஜனவரி 12-ல் அங்கே வந்த நிலநடுக்கம் ரிக்டரில் 7.0. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பீடு. அடுத்த மாதம் சிலியில் வந்தது 8.8. பல நூறு மடங்கு பெரிது. அங்கே இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம். மையம் எவ்வளவு ஆழம், நகரத்துக்கு எவ்வளவு பக்கம் என்ற கணக்கும் இதில் உண்டு. ஆனால் பெரிய காரணம் கட்டடம். சிலியில் விதிமுறை இருந்தது, கட்டியவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது. ஹைட்டியில் கம்பி போதாத தூண்களுக்கு மேல் கனமான கான்கிரீட் தளம் உட்கார்ந்திருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் ஜல்லி, மணல் விகிதம் தெரியாத பத்தொன்பது வயசுப் பையன் கையில் கரணையைக் கொடுத்தால்? சில இடங்களில் பகலில் பிள்ளைகள் கட்டிய சுவரை ராத்திரியில் உள்ளூர் கொத்தனார்கள் பிரித்துவிட்டு நேராகக் கட்டிவைப்பார்கள், காலையில் வந்து பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது என்று முன்னாள் தன்னார்வலர்களே எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கொத்தனாருக்குப் பகல் வேலையாகவே அதைக் கொடுத்திருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.

ராபர்ட் லப்டன் என்ற அமெரிக்கர், பல ஆண்டுகள் அட்லாண்டாவின் ஏழைப் பகுதிகளில் கிறிஸ்தவ சமூகப் பணி செய்தவர், 2011-ல் 'டாக்ஸிக் சாரிட்டி' என்று ஒரு புத்தகம் எழுதினார். மெக்சிகோவில் ஒரு சர்ச்சுக்கு ஒரே கோடையில் ஆறு குழுக்கள் வந்து ஆறு முறை பெயின்ட் அடித்த கதை அதில் வருகிறது. யாரும் "வேண்டாம், நேத்துதான் அடிச்சாங்க" என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வருகிற குழு பெயின்ட்டோடு மட்டும் வருவதில்லை. கூடவே நன்கொடையும் வருகிறது. வீட்டுக்கு வந்த பெரிய இடத்து விருந்தாளி "நானே சமைக்கிறேன்" என்று அடுப்படிக்குள் புகுந்தால், என்ன செய்வீர்கள்? உப்பு கூடினாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வீர்கள்.

மருத்துவ முகாம்: இங்கேதான் சிக்கல் பெரிசு

ஒரு பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ மேசை போட்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்களைப் பார்ப்பதுதான் வழக்கமான மிஷன் முகாம். டாக்டருக்கு ஆங்கிலம், நோயாளிக்கு ஹைட்டி கிரியோல். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பெரும்பாலும் மருத்துவம் தெரியாத உள்ளூர் இளைஞர். "நெஞ்சு அடைக்குது", "நெஞ்சு கரிக்குது", "நெஞ்சு வலிக்குது" மூன்றும் தமிழில் மூன்று விஷயம். மொழிபெயர்ப்பில் ஒன்றாகப் போனால் மாத்திரையும் மாறும்.

முகாமில் பிபி பார்க்கிறார்கள். 180 இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். முப்பத்தோராம் நாள்? குழு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த குழு அடுத்த கோடையில். சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆரம்பிக்காமலே இருப்பதைவிட ஆபத்து என்பது எந்த டாக்டருக்கும் தெரியும்.

மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு விதிகளே வைத்திருக்கிறது. நாட்டுக்குள் வந்து சேரும்போது காலாவதி ஆக இன்னும் ஓராண்டாவது இருக்க வேண்டும், லேபிள் அங்குள்ள மருத்துவப் பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், முக்கியமாக அந்த நாடு கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். சூட்கேஸில் அடைத்துக் கொண்டு போகும் சாம்பிள் மாத்திரைகள் இதில் எத்தனை தேறும்?

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சேதம். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு போர்ட்-ஓ-பிரின்ஸ் முழுக்க வெளிநாட்டு இலவச சிகிச்சை. அந்த நேரத்தில் அது இல்லாமல் முடியாது, உண்மை. ஆனால் இடிபாட்டில் தப்பி நின்று காயம்பட்டவர்களுக்கு சிகிச்சை கொடுத்த அந்நகரின் ஒரு முக்கியமான தனியார் மருத்துவமனை, சில மாதங்களிலேயே சம்பளம் கொடுக்க வழியில்லாமல் மூடியது. இலவசம் போகும்போது, உள்ளூர் டாக்டரும் போயிருப்பார்.

உகாண்டா வழக்கு

இந்த விவாதத்தில் எல்லோரும் தயங்கித் தயங்கித் தொடுகிற பெயர் 'சர்விங் ஹிஸ் சில்ட்ரன்'. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண், மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாதவர், இருபது வயதில் உகாண்டாவின் ஜிஞ்ஜா நகரில் தொடங்கிய அமைப்பு. முதலில் சாப்பாடு போட்டார்கள். பிறகு கடுமையான ஊட்டச்சத்துக் குறைவோடு வரும் குழந்தைகளைத் தங்கவைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2010-லிருந்து 2015 வரை அங்கே சேர்க்கப்பட்ட 940 குழந்தைகளில் 105 பேர் இறந்தார்கள்.

2019-ல் இரண்டு தாய்மார்கள், உகாண்டாவின் பெண்கள் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் துணையோடு வழக்குப் போட்டார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நம்பியதாகச் சொன்னார்கள். தான் டாக்டராக நடிக்கவில்லை, உள்ளூர் மருத்துவப் பணியாளர்களோடு சேர்ந்துதான் வேலை செய்தேன் என்பது அந்தப் பெண்ணின் தரப்பு. 2020-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒவ்வொரு தாய்க்கும் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக. தவறை ஒப்புக்கொள்ளாமல் கொடுத்த தொகை அது.

கடும் பட்டினியில் இருக்கும் குழந்தையை மீட்பது சோறு போட்டுத் தேற்றுகிற விஷயம் இல்லை. அவசரப்பட்டு ஊட்டினாலோ, டிரிப்ஸ் ஏற்றினாலோ இதயமே தாங்காமல் போகலாம். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. பெரிய மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட குழந்தைகள் இறக்கத்தான் செய்கிறார்கள், அதனால் 105 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வர்ஜீனியாவில் ஒரு இருபது வயசுப் பெண், படிப்பு இல்லாமல், ஒரே ஒரு குழந்தைக்காவது இப்படி வார்டு நடத்த முடியுமா? முடியாதென்றால் ஜிஞ்ஜாவில் ஏன் முடிந்தது?

'அனாதை' இல்லாத அனாதை இல்லங்கள்

ஹைட்டியில் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் சுமார் 30,000 பேர். அதில் 80 சதவீதம் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 'லூமோஸ்' அமைப்பு கண்டறிந்தது. எழுத்தாளர் ஜே.கே. ரவுலிங் தொடங்கிய அமைப்பு இது. வறுமைதான் காரணம். "அங்கே விட்டால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்" என்று பெற்றோர் விடுகிறார்கள். பார்வையாளர்கள் வந்தால் நன்கொடை வரும், குழந்தைகள் இருந்தால் பார்வையாளர்கள் வருவார்கள். இந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால், குழந்தையை வீட்டுக்கு அனுப்ப இல்லத்துக்கு எந்த அவசரமும் இருக்காது. ஆஸ்திரேலியா, 2018-ல் நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தபோது இதையும் ஒரு வகை ஆள் கடத்தலாகவே பார்த்தது.

2010 நிலநடுக்கம் நடந்த அதே மாதக் கடைசியில், அமெரிக்காவின் இடாஹோவைச் சேர்ந்தவர்கள் அதிகம் இருந்த பத்துப் பேர் கொண்ட பாப்டிஸ்ட் குழு, உரிய காகிதம் இல்லாமல் 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கூட்டிப் போகப் பார்த்துக் கைதானது. அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் பெற்றோர் இருந்த குழந்தைகள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நிச்சயம் இருந்தால் ரசீது கேட்கத் தோன்றாது, அதுதான் பயம்.

அப்போ எல்லாமே வேஸ்ட்டா?

இல்லை. 'மெர்சி ஷிப்ஸ்' என்று ஒரு கிறிஸ்தவ அமைப்பு 1978-லிருந்து கப்பலையே மருத்துவமனையாக ஓட்டுகிறது. இப்போதைய 'குளோபல் மெர்சி' கப்பலில் ஆறு ஆபரேஷன் தியேட்டர்கள். செனகல், சியரா லியோன் துறைமுகங்களில் மாதக் கணக்கில் நின்று கட்டி, கண்புரை, பிளவுபட்ட உதடு என அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கப்பலில் வேலை பார்க்கும் சர்ஜன் முதல் சமையல்காரர் வரை தன் தங்கும் செலவைத் தானே கட்டுகிறார். ஆனால் அந்நாட்டு அரசு அழைத்தால்தான் கப்பல் போகும், சர்ஜன் அவருடைய வேலையைத்தான் செய்வார், உள்ளூர் டாக்டர்களுக்குப் பயிற்சியும் உண்டு. ஆப்பிரிக்க டாக்டர்களை மிஷன் மருத்துவமனைகளிலேயே வைத்து ஐந்து வருடம் சர்ஜனாகப் பயிற்றுவிக்கிற ஒரு கிறிஸ்தவத் திட்டம் 1996-லிருந்து நடக்கிறது. டி-ஷர்ட் போட்டோ எடுக்க இதில் வாய்ப்பு குறைவு.

கென்ஸ்காஃப் இல்லத்தில் கடத்தப்பட்டவரை வேறு கணக்கில் வைக்கச் சொன்னதும் இதனால்தான். அங்கேயே தங்கிவிட்டவருக்கு ஊர் தெரியும், மொழி தெரியும், எந்தக் குழந்தைக்கு எந்த மாத்திரை என்று தெரியும்.

நம்ம ஊர்க் கதை ஒன்று

இந்த வித்தியாசத்துக்கு ஹைட்டி வரை போக வேண்டாம். 1847-ல் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் படித்தவர்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று பார்த்து, மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். உடற்கூறு பற்றி 'அங்காதிபாதம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' என்று தமிழில் நூல்கள் வந்தன. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இதில் கூடுதல் சந்தோஷம், நாம் இன்றும் தமிழில் மருத்துவம் முடியுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் டாக்டர்களைத் தயார் செய்துவிட்டு 1873-ல் திரும்பினார். அவர் போன பிறகும் முப்பத்தோராம் நாள் மாத்திரை கொடுக்க ஆள் இருந்தது.

வேலூர் தெரிந்த கதைதான். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியது இன்றைய சி.எம்.சி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். அவர் சாகும்போது மருத்துவமனை அவரை நம்பி இல்லை.

இந்த மிஷன்கள் வெறும் மருத்துவம் பார்க்க வரவில்லை, மதம் பரப்பவும்தான் வந்தார்கள், அதை அவர்களே மறைத்ததில்லை. அந்த விமர்சனம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரிடம் ஜெபிக்கலாமா என்று கேட்டால், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது எந்த நாட்டிலும் நியாயமான கேள்விதான்.

உங்களைக் கூப்பிட்டால்?

தமிழ்நாட்டு சர்ச்சுகளில் இருந்தும், மருத்துவ நண்பர்கள் குழுக்களில் இருந்தும் ஆப்பிரிக்கா, நேபாளம் என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கிற நர்ஸிங் மாணவி ஒருவருக்கு அழைப்பு வந்திருக்கலாம். போகாதீங்க என்று சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

முதலில் அங்கிருந்து யார் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பாஸ்டர் பெயர் போதாது. எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், நீங்கள் திரும்பிய பிறகு நோயாளியின் சீட்டு யார் கைக்குப் போகும் என்று தெரிய வேண்டும். இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும், ஊசி போடுவதோ தையல் போடுவதோ, அங்கே செய்யச் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். அந்நாட்டு மருத்துவ கவுன்சிலின் தற்காலிக அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சிகிச்சை கொடுப்பதும் மதப் பிரசாரம் செய்வதும் பல நாடுகளில் குற்றம். இந்தியாவிலும் வெளிநாட்டு மிஷனரிகளுக்குத் தனி விசாதான், டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசாரம் செய்ய முடியாது.

கட்டட வேலைக்கு என்றால், எத்தனை உள்ளூர் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் யோசியுங்கள். குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு வாரம் 'அன்பு காட்ட' என்று அழைத்தால், தயவுசெய்து வேண்டாம். வாரம் ஒரு அக்கா வந்து கட்டிப்பிடித்துவிட்டுக் காணாமல் போவது அந்தக் குழந்தைக்கு நல்லதில்லை. குழந்தைகளோடு செல்ஃபி போடுவதும் வேண்டாம். உங்கள் பிள்ளை படிக்கிற ஸ்கூலுக்குள் தெரியாத வெளிநாட்டுக்காரர் கேமராவோடு வந்தால் விடுவீர்களா?

ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போவதாக இருந்தால், குறைந்தது பத்து நாள் முன்பே தடுப்பூசி போட்டு சர்வதேசச் சான்று வாங்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கூட்டம் இருக்கும், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மருத்துவக் காப்பீட்டில் அவசரமாக விமானத்தில் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான சாதாரணப் பாலிசிகள் போர், கலவரம் நடக்கும் இடங்களுக்குப் பணம் தராது.